சிறார் வழக்குக்கு முதல்முறை போகும் வக்கீல்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு திருட்டு வழக்கில் ரிமாண்டுக்கு நின்ற பையனைப் பார்த்ததும், பதினெட்டு வயது ஆகாத சிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. மீசைகூட ஒழுங்காக அரும்பவில்லை. அவனுக்கு ஆஜரான ஜூனியரிடம் வயதைக் கேட்டேன். "எஃப்.ஐ.ஆர்.ல 19னு போட்டிருக்கு மேடம்" என்றார். பல வருடங்களுக்கு முன்னால் என் சீனியரிடம் நான் சொன்ன அதே பதில். அதனால்தான் இதை எழுதுகிறேன். வாய்தாவை மறப்பது, வக்காலத்தில் கையெழுத்து விட்டுப்போவது போன்றவை நாலு முறை திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எஃப்.ஐ.ஆரில் உள்ள வயதை நம்புவது

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பைக் திருட்டு வழக்கு. மூன்று பெரியவர்களோடு ஒரு பையனையும் பிடித்திருந்தார்கள். "உனக்குப் பத்தொன்பதுதானே?" என்று ஸ்டேஷனில் கேட்டதற்கு, பயத்தில் தலையாட்டியிருக்கிறான். நானும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஜாமீன் மனுவில் மூழ்கிவிட்டேன். பதினோரு நாள் கழித்து அவன் அம்மா ஒரு மஞ்சள் பையோடு வந்தார். பைக்குள் பஞ்சாயத்தில் வாங்கிய பிறப்புச் சான்றிதழ். சம்பவ நாளில் அவனுக்கு 17 வயது இரண்டு மாதம். பதினோரு இரவும் கிளைச் சிறையில் பெரியவர்களோடு இருந்திருக்கிறான். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவன் அங்கே போயிருக்கவே வேண்டாம்.

நேராக வயதைக் கேட்டால் ஸ்டேஷனில் சொன்னதையே திரும்பச் சொல்வான். "பத்தாவது எந்த வருஷம் எழுதின? உன்கூடப் படிச்சவங்க இப்ப என்ன படிக்கிறாங்க? தங்கச்சி எத்தனாவது?" என்று கேளுங்கள். கணக்கு இடித்தால் அன்றைக்கே, அதே நீதிமன்றத்தில், 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 9-இன் கீழ் வயதை விசாரிக்கக் கேட்டு ஒரு மனு போடுங்கள். ஒரு பக்கம் போதும். வயது விசாரணை முடியும்வரை காவலில் வைத்தே ஆக வேண்டும் என்றால், சிறைக்குப் பதில் சட்டம் சொல்லும் 'பாதுகாப்பான இடத்தில்' வைக்கும்படி பிரிவு 9(4)-ஐக் காட்டிக் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் தானாகக் கொடுக்க மாட்டார்கள்.

அப்புறம் ஆவணம். பிரிவு 94-இல் ஒரு வரிசை இருக்கிறது. பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதலில். அது இல்லையென்றால் மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து தரும் பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. பலர் எடுத்த எடுப்பிலேயே பரிசோதனைக்கு ஓடுகிறார்கள். அது ஒன்றிரண்டு வருடம் முன்னே பின்னே சொல்லும். 17-க்கும் 18-க்கும் நடுவே நிற்கும் பையனுக்கு அது போதாது. ஆதார் அட்டை அந்த வரிசையிலேயே இல்லை. டி.சி.யை மட்டும் நம்பியும் போகாதீர்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு போக்சோ வழக்கில், டி.சி.யும் சேர்க்கைப் பதிவேட்டு நகலும் பிரிவு 94 கேட்கும் ஆவணங்கள் அல்ல என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தலைமையாசிரியரைப் பார்த்து, பிறந்த தேதிச் சான்றிதழ் என்றே எழுதி வாங்குங்கள்.

கணக்கில் எடுக்க வேண்டியது குற்றம் நடந்த நாளின் வயதை. கைதான நாளின் வயதை அல்ல. 2005-லேயே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை முடிவு செய்துவிட்டது.

வயதுக் கோரிக்கையை எந்தக் கட்டத்திலும், வழக்கு முடிந்த பிறகும்கூட, எழுப்பலாம். அதனால் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைப்பவர்கள் ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். புனேயில் நடந்த கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஒருவரை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. சம்பவத்தின்போது அவருக்கு வயது 12. அதை நிரூபித்தது ராஜஸ்தானில் ஒரு பள்ளி கொடுத்த பிறந்த தேதிச் சான்றிதழ். அதற்குள் அவர் 28 வருடத்துக்கு மேல் சிறையில் கழித்திருந்தார்.

வருமானச் சான்று கேட்பது

குழந்தைக்கு இலவச சட்ட உதவி தர வருமான வரம்பே கிடையாது.

பழைய ஜாமீன் மனுவையே காப்பி அடிப்பது

பெரியவர்கள் வழக்கில் வாதாடுவதுபோல் 'குற்றம் அவ்வளவு கடுமையானதல்ல' என்று ஆரம்பிக்காதீர்கள். பிரிவு 12-படி சிறாருக்கு ஜாமீன்தான் விதி. தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து வரும், நீதியின் நோக்கம் கெடும் என்ற மூன்று காரணங்களில் ஒன்றை நம்ப நியாயமான அடிப்படை இருந்தால்தான் மறுக்க முடியும். மறுத்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். பையன் போய் இருக்க வீடு எது, யார் பொறுப்பு என்பதைக் காட்டுங்கள். ஜாமீன் நிபந்தனையை ஏழு நாளில் நிறைவேற்ற முடியாவிட்டால், அதை மாற்றித் தரும்படி திரும்பக் கேட்கவும் வழி இருக்கிறது.

"ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்பது

சொல்லவே சொல்லாதீர்கள்.

முதற்கட்ட மதிப்பீட்டில் வழக்கையே நடத்துவது

16 வயது முடிந்தவர்கள் மீது கொடுங்குற்ற வழக்கு வந்தால், அவர்களைப் பெரியவர்களைப்போல் விசாரிக்கலாமா என்று முடிவு செய்ய, பிரிவு 15-இன் கீழ் இந்த மதிப்பீடு நடக்கும். பையன் செய்தானா இல்லையா என்பது அங்கே கேள்வி இல்லை. அதைச் செய்யும் மனத்திறன், உடல்திறன், விளைவைப் புரிந்துகொள்ளும் திறன், சம்பவத்தின் சூழ்நிலை, இவ்வளவுதான். உளவியல் நிபுணரின் உதவியைக் கேட்டு மனு போடுங்கள். சாட்சிகளை உடைக்கும் வாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பெயரும் படமும்

பத்திரிகைக்காரர் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. பிரிவு 74.

அம்மா அப்பாவிடம் மட்டும் பேசுவது

உங்கள் கட்சிக்காரர் பையன்தான். விசாரணை முடியும்வரை சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு நேரில் போய், பெற்றோர் பக்கத்தில் இல்லாமல் அவனோடு உட்காருங்கள். போன மாதம் பார்த்த அந்தப் பையனுக்கு மூன்றாம் நாள் பள்ளிச் சான்றிதழ் கிடைத்து, வழக்கு, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு மாறியது. ஜூனியரோடு நானும் அவனைப் பார்க்கப் போனேன். வழக்கைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. "பன்னெண்டாவது பரிட்சை எழுத விடுவாங்களா அக்கா?" என்றான். அவன் வீட்டில் யாரும் எங்களிடம் அதைச் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே ஹால் டிக்கெட்டை வாங்கி, ஜாமீன் மனுவோடு சேர்த்துத் தாக்கல் செய்தோம்.