பழைய ஹெட்போனைத் திருத்தப் போய் விடும் பிழைகள்

ஒரு பக்கம் கேட்கவில்லை என்றதும் காதுப் பக்கத்து மூடியை நெம்பித் திறப்பதுதான் முதல் பிழை. ஸ்பீக்கர் இலேசில் பழுதாகாது. வயர் பெரும்பாலும் போனில் செருகும் முனையான ஜாக்கை ஒட்டிய இரண்டு மூன்று அங்குலத்துக்குள், இல்லாவிட்டால் காதுப் பகுதிக்குள் நுழையும் இடத்தில்தான் அறும். திறக்காமலே பார்க்கலாம். மின்தடை அளக்கும் மல்டிமீட்டரை 200 ஓமில் வைத்து, மைக் இல்லாத சாதாரண ஜாக்கின் அடிப்பகுதிக்கும் நுனிக்கும் இடையே அளந்தால் இடது காது. அடிக்கும் நடு வளையத்துக்கும் இடையே வலது. பொதுவாக 16 முதல் 32 ஓம் வரை, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவாகக் காட்ட வேண்டும். அளந்தபடியே வயரை வளைத்துப் பாருங்கள். எண் துள்ளும் இடத்தில்தான் முறிவு.

வாத்தியம் கேட்கிறது, பாடுபவரின் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் மங்குகிறது என்றால் இரு காதுக்கும் பொதுவாக ஜாக்கின் அடிப்பகுதியில் சேரும் வயர் விட்டுப்போயிருக்கிறது. இதை ஸ்பீக்கர் பழுது என்று எண்ணி நல்ல ஹெட்போனை எறிந்துவிடுகிறார்கள்.

அடுத்தது எனாமல். உள்ளே இருக்கும் சிவப்பு, பச்சை, செம்பு நிற மயிர் வயர்களில் வெறும் கண்ணுக்குத் தெரியாத பூச்சு உண்டு. அதை எடுக்காமல் ஈயம் வைத்தால் உருண்டு விழும். மீட்டரை வைத்தாலும் ஒன்றும் காட்டாது, ஸ்பீக்கர் போய்விட்டது என்று நம்பவைக்கும். லைட்டரால் எரித்தால் செம்பு கறுத்து முறியும். 380 பாகை செல்சியஸ் அளவில் சூடான, ஈயம் ஒட்டும் அயர்ன் நுனியில் ஒரு துளி ஈயம் எடுத்து, வயர் முனையை அதற்குள் சில விநாடி பிடியுங்கள். புகை வந்து வெள்ளியாக மாறும். அந்தப் புகை கெடுதல், யன்னலைத் திறந்துவிடுங்கள். நடுவில் ஓடும் நூலை முதலே வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கரி பிடிக்கும்.

வயரை முறுக்கி டேப் சுற்றுவது எங்கும் தற்காலிக வேலை. கல்லடி, கல்முனை, அக்கரைப்பற்று போன்ற கரையோரத்தில் அதுவும் இல்லை. வெக்கையில் டேப்பின் பசை இளகும், உப்புக்காற்று புகும், செம்பு பச்சை பிடிக்கும். ஏற்கெனவே பச்சை பிடித்த வயரை மினுங்கும் செம்பு தெரியும்வரை வெட்டித்தான் ஆக வேண்டும், ஓர் அடி போனாலும் போகட்டும். குழாய் ஒட்டப் பாவிக்கும் அமிலப் பேஸ்டையும் தொடாதீர்கள். மிச்சமிருக்கும் அமிலம் வயரைத் தின்றுவிடும். ரோசின் உள்ள ஈயமே போதும்.

சூடுபட்டால் சுருங்கும் குழாயையும் ஜாக்கின் மூடியையும் ஒட்டுவதற்கு முன்னரே வயரில் கோத்துவிடுங்கள். தேர்ந்த கைகளும் மறப்பது இதைத்தான். ஜாக்கில் அயர்னை இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைத்தால் உள் பிளாஸ்ரிக் உருகி வளையங்கள் ஆடும்.

மூடியைத் திறந்தே ஆகவேண்டி வந்தால் ஸ்குரூக்கள் பெரும்பாலும் காது மெத்தைக்குள் ஒளிந்திருக்கும். ஸ்பீக்கரின் காந்தம் அயர்ன் நுனியை இழுக்கும், ஒரு கணத்தில் அதன் மெல்லிய படலம் ஓட்டையாகிவிடும். மட்டை ஒன்றால் மறைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உள்ளே சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி படலத்தில் வெள்ளையாகப் படியும். ஒரு பக்கத்து ஸ்பீக்கரில் மட்டும் இரு முனை வயரையும் மாற்றி ஒட்டினால் சத்தம் வரும், பேஸ் மெலிந்து கேட்கும்.

ஸ்பீக்கரின் இரு முனையிலும் நேரே அளந்தும் ஒன்றும் காட்டவில்லையென்றால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளான கொயில் அறுந்துவிட்டது. அதைத் திருத்த முயல்வது வீண். அதே விட்டமும் அதே ஓமும் உள்ள சோடியைப் பழைய செற் ஒன்றிலிருந்து கழற்றி, இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.