பழைய புல்லட் ஸ்லோவில் நிற்கவில்லையா? ஸ்க்ரூவைக் கடைசியில் தொடுங்கள்

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று எந்த ஊருக்குப் போனாலும் சில வீடுகளின் கொட்டகையில் ஐயா ஓட்டிய புல்லட் ஒன்று போர்வை போர்த்தி நிற்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், பிள்ளையார் நோன்புக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வரும்போதுதான் வண்டியை வெளியே எடுப்பார்கள். சோக் போட்டு நாலு உதை உதைத்தால் ஸ்டார்ட் ஆகும், ஆக்சிலேட்டரை விட்டதும் அணைந்துவிடும். உடனே எல்லோருடைய கையும் போகும் இடம், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்பரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்லோ ஸ்க்ரூ. ஸ்லோ, அதாவது ஆக்சிலேட்டரை விட்ட நிலையில் இன்ஜின் ஓடும் வேகத்தை வைப்பது அது. அதை இரண்டு சுற்று உள்ளே திருகினால் வண்டி அணையாமல் ஓடும்தான், ஆனால் கோளாறு அப்படியே உள்ளே இருக்கும், இன்ஜின் சூடானதும் அலறும், கியர் போட்டால் வண்டி குதிக்கும்.

அதனால் இந்தக் குறிப்பில் ஸ்க்ரூ கடைசியில்தான் வரும். நான் மனதில் வைத்து எழுதுவது பாயிண்ட் (திறந்து மூடி ஸ்பார்க்கை வரவழைக்கும் தொடுமுனை) வைத்த பழைய புல்லட் 350, மிக்கார்ப் வி.எம். 24 கார்பரேட்டரோடு. வேறு பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதேதான், அளவுகளை மட்டும் அவரவர் வண்டிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும்

கார்பரேட்டரில் ஆக்சிலேட்டர் திறப்புக்குத் தகுந்தபடி வேலை செய்யும் பாகம் மாறும். மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை ஸ்லோ ஜெட்டும் (ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் துண்டு) ஏர் ஸ்க்ரூவும், அதற்கு மேல் கால் பங்கு வரை ஸ்லைடின் (ஆக்சிலேட்டர் கேபிள் மேலே தூக்கும் உருளை) அடிவெட்டு, கால் முதல் முக்கால் வரை அந்த ஸ்லைடில் தொங்கும் நீடில், அதற்கும் மேலே மெயின் ஜெட். ஒன்றின் எல்லை முடிந்து அடுத்தது உடனே தொடங்குவதில்லை, கொஞ்சம் கலந்துதான் இருக்கும். ஆனாலும் வண்டி நெடுஞ்சாலையில் நன்றாக ஓடி, சிக்னலில் மட்டும் அணைகிறது என்றால் மெயின் ஜெட்டை மாற்றி ஒரு பயனும் இல்லை. பார்க்க வேண்டியது ஸ்லோ ஜெட் பக்கம், அல்லது கார்பரேட்டருக்கு வெளியே.

பெட்ரோல்

டாங்கில் மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலை யோசிக்காமல் வடித்துவிடுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், போதுமான தண்ணீர் சேர்ந்துவிட்டால் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும், முதலில் கார்பரேட்டருக்குள் போவதும் அந்த அடித்தண்ணீர்தான். பழைய ரப்பர் டியூபையும் ஓ-ரிங்கையும் அது ஊற வைத்துக் கெடுக்கும். அந்தக் காலத்து வண்டிகளை இந்தப் பெட்ரோலை மனதில் வைத்துச் செய்யவில்லை, ஆகவே டியூப் விறைத்தோ கொழகொழவென்றோ இருந்தால் எத்தனால் தாங்கும் புது டியூபாக மாற்றுங்கள்.

டியூபை கார்பரேட்டரிலிருந்து கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, டாங்கின் அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்பைத் திறங்கள். தடையில்லாமல் ஒழுக வேண்டும். சொட்டினால் டேப்பின் வலையில் துரு அடைத்திருக்கிறது. நன்றாக ஒழுக ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் மெலிந்தால் டாங்க் மூடியின் காற்றுத் துளையைப் பாருங்கள். வண்டி சில கிலோமீட்டர் ஓடி அணைந்து, மூடியைத் திறந்து மூடியதும் மறுபடி ஓடுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், அந்தத் துளைதான்.

காற்று

நம் பக்கத்துச் செம்மண் புழுதி ஏர் கிளீனரை எவ்வளவு சீக்கிரம் அடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். தட்டிப் பாருங்கள், மோசமாக இருந்தால் மாற்றுங்கள். ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு டியூனிங் செய்கிறவர்கள் உண்டு, அப்படிச் செய்யாதீர்கள். ஃபில்டர் இல்லாமல் செட் செய்த கலவை, ஃபில்டரை மாட்டியதும் மாறிவிடும்.

அப்புறம், கணக்கில் இல்லாமல் உள்ளே நுழையும் காற்று. கார்பரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் பேக்கிங்கோ ஓ-ரிங்கோ போயிருந்தால் அங்கே காற்று இழுக்கும், கலவை மெலிந்துவிடும், ஸ்லோ ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் இறங்கும். கண்டுபிடிக்க, இன்ஜின் ஓடும்போது அந்த இணைப்பில் மட்டும் தண்ணீரை லேசாகத் தெளியுங்கள். சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். சிலர் பெட்ரோலையே தெளிப்பார்கள், சூடான இன்ஜின் மேல் அது நெருப்பை வரவழைக்கிற வேலை. நட்டை அளவுக்கு மீறி இறுக்கிய கார்பரேட்டரில் அந்த முகமே வளைந்திருக்கும், கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பார்த்தால் ஆடுவது தெரியும்.

ஸ்பார்க்கும் டேப்பெட்டும்

கார்பரேட்டர் கோளாறு என்று கொண்டுவரும் வண்டிகளில் பல உண்மையில் பாயிண்ட் கோளாறு. இதை நான் அழுத்திச் சொல்வேன். பாயிண்ட் முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், ஃபீலர் கேஜ் வைத்து அளந்து பாருங்கள். முகம் கருத்திருந்தால் துடைத்து, பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது பாயிண்டில் பெரிதாகப் பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் இறங்காமல் தொங்கிக்கொண்டே இருந்தால் காற்றுக் கசிவு ஒரு காரணம், வேகத்துக்குத் தகுந்தபடி ஸ்பார்க் நேரத்தை மாற்றும் அட்வான்ஸ் யூனிட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருப்பது இன்னொரு காரணம்.

டேப்பெட்டை, அதாவது வால்வைத் தள்ளும் பாகங்களுக்கு இடையிலான தளர்வை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும், காலையில் முதல் வேலையாகச் செய்தால் நல்லது. பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சிக்கு (இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலைக்கு) கொண்டுவந்து, வால்வைத் தள்ளும் புஷ் ராடை விரலால் சுழற்றுங்கள். தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பழைய புல்லட்டில் பார்க்க வேண்டிய இன்னொன்று டீகம்ப்ரஸர் கேபிள், உதைத்து ஸ்டார்ட் செய்யும்போது ஒரு சின்ன வால்வைத் திறந்து கம்ப்ரஷனை விடுவிப்பது. அது இறுகியிருந்தால் அந்தச் சின்ன வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும், ஸ்லோவில் இன்ஜின் தள்ளாடும். லீவரில் கொஞ்சம் தளர்வு இருக்கட்டும்.

இப்போது கார்பரேட்டரைக் கழற்றலாம்

வளவுக்குள் (வீட்டு உள்முற்றத்தில்) வைத்துச் செய்யாதீர்கள். வீட்டில் விளக்கு ஏற்றியிருப்பார்கள், பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போகும். வெளியே, காற்றோட்டமான நிழலில், ஒரு எவர்சில்வர் தட்டை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

டேப்பை மூடுங்கள். மேல் மூடியைத் திறந்து ஸ்லைடை நீடிலோடு வெளியே எடுங்கள், நீடிலில் கிளிப் எத்தனையாவது வெட்டில் இருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார்பரேட்டரைக் கழற்றித் திருப்பி அடிக் கப்பைத் திறந்தால் உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ ஒரு பிசின் படிந்திருக்கும். நீண்ட நாள் நின்ற வண்டி ஸ்லோவில் அணைவதற்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான், ஏனென்றால் ஸ்லோ ஜெட்டின் துளை அவ்வளவு நுண்ணியது, பெட்ரோல் காய்ந்து விட்டுப் போகும் படலமே அதை மூடப் போதும்.

ஸ்லோ ஜெட்டைக் கழற்ற அதன் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும். பித்தளை மென்மையானது, பொருந்தாத திருப்புளி தலையைச் சிதைத்துவிடும். கழற்றியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், வட்டமான ஒரு புள்ளி வெளிச்சம் தெரிய வேண்டும். அரைகுறையாகத் தெரிந்தாலும் அடைப்புதான். கார்பரேட்டர் கிளீனரில் ஊற வைத்து, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு காற்று ஊதுங்கள். ஊசியோ இரும்புக் கம்பியோ விடக் கூடாது, துளை கொஞ்சம் பெரிதானாலும் அந்த ஜெட் இனி உதவாது. வேறு வழியில்லாவிட்டால் மின்சார ஒயரிலிருந்து பிரித்த ஒற்றை செம்பு இழை. பித்தளைக் குத்துவிளக்கு தேய்க்கிற புளித்தண்ணீரில் ஊறப்போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம், கார்பரேட்டரின் உடம்பு பித்தளை இல்லை, புளிப்பு அதை அரிக்கும்.

ஜெட்டைச் சுத்தம் செய்வதோடு நிறுத்திவிடுவது பலர் செய்யும் அரைவேலை. ஜெட்டுக்குப் போகும் வழியும் வரும் வழியும் திறந்திருக்க வேண்டும். ஏர் ஸ்க்ரூவைக் கழற்றி அந்தத் துளையில் கிளீனரை அடியுங்கள், ஸ்லைடுக்கு முன்னால் இன்ஜின் பக்கம் இருக்கும் சிறு துளை வழியாகப் பீய்ச்சி வர வேண்டும். வராவிட்டால் வரும் வரை ஊற வையுங்கள்.

கப்பில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையை காதருகே குலுக்கிப் பாருங்கள், உள்ளே திரவம் அசைந்தால் ஓட்டை. அதன் நீடில் முனையில் வளையமாகத் தேய்வு விழுந்திருந்தால் ஓவர் ஃப்ளோ ஆகும், அதை மாற்றுங்கள். ஸ்லைடைத் திரும்ப உள்ளே விட்டு ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் அதன் ஓரத்திலேயே காற்று நுழைகிறது, எந்த ஸ்க்ரூவாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அந்த நிலையில் புதுக் கார்பரேட்டர் வாங்குவதுதான் நியாயமான செலவு.

கடைசியில் ஸ்க்ரூ

எல்லாவற்றையும் மாட்டி, கேபிளில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு வைத்து, வண்டியை பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். சோக் முழுதாக எடுபட்டிருக்க வேண்டும்.

ஏர் கிளீனர் பக்கமாக இருக்கும் சின்ன ஸ்க்ரூதான் ஏர் ஸ்க்ரூ. இன்ஜினை அணைத்துவிட்டு அதை மெதுவாக, அழுத்தாமல், உள்ளே தொடும் வரை திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். ஸ்டார்ட் செய்து, ஸ்லோ ஸ்க்ரூவால் வேகத்தைச் சற்று கூடுதலாக வையுங்கள். இனி ஏர் ஸ்க்ரூவை கால் சுற்று இந்தப் பக்கம், கால் சுற்று அந்தப் பக்கம், ஒவ்வொரு திருப்பலுக்கும் பிறகு சில விநாடி பொறுத்துக் காது கொடுங்கள். உள்ளே திருகினால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும், வெளியே எடுத்தால் மெலியும். இன்ஜின் தானாகவே அதிக வேகத்தோடும் சீராகவும் ஓடும் இடம் ஒன்று வரும், அங்கே நிறுத்துங்கள். பிறகு ஸ்லோ ஸ்க்ரூவைக் குறைத்து வேகத்தை இறக்குங்கள். இன்னொரு முறை இதையே செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அந்த இடம் ஒரு சுற்றுக்குள்ளேயே வந்துவிட்டால் ஸ்லோ ஜெட் இன்னும் அடைத்திருக்கிறது அல்லது சிறியது. இரண்டரைச் சுற்றைத் தாண்டியும் வராவிட்டால் ஜெட் பெரியது, அல்லது சோக் முழுதாக எடுபடவில்லை. ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள், வேகம் ஏறினால் கேபிள் இழுபடுகிறது.

வேகத்தை எவ்வளவு இறக்குவது? தட்... தட்... என்று எண்ணி எடுக்கலாம் போல ஓட விடுவது காதுக்கு இனிமைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் புல்லட்டின் ஆயில் பம்பு இன்ஜின் சுற்றுவதற்குத் தகுந்தபடிதான் சுற்றும், அவ்வளவு இறக்கினால் மேலே ஏறும் ஆயில் குறையும், சார்ஜிங்கும் விழும். அம்மீட்டர் முள் ஓயாமல் மைனஸ் பக்கமே சாய்ந்து துடித்தால் சற்று ஏற்றி வையுங்கள்.

ஊரிலிருந்து திரும்பக் கிளம்பும்போது

டேப்பை மூடிவிட்டு இன்ஜினை அது தானாக அணையும் வரை ஓட விடுங்கள். கப்பின் அடியில் வடிகால் ஸ்க்ரூ இருந்தால் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். மாதக்கணக்கில் வர மாட்டீர்கள் என்றால் டாங்கையும் காலி செய்து, கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு உள்சுவர் முழுக்கப் படும்படி சுழற்றி வையுங்கள், பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்ல வேண்டாம். ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்தால் கப்பில் மறுபடி பெட்ரோல் நிறைந்து அங்கேயே காயும், சைலன்சருக்குள் தண்ணீரும் தங்கும்.