பழைய கணினியில் லினக்ஸ் ஏற்றியபின் ஒலி கேட்கவில்லையா?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் பழைய கணினி வாங்கி லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுவோர், ஒலி வராவிட்டால் உடனே டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) தேடி இணையத்தில் அலைய வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 2.6 பதிப்பிலிருந்தே ஆல்சா என்னும் ஒலி அமைப்பு லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் பகுதியாக இருப்பதால், பெரும்பாலான பழைய ஒலி அட்டைகளுக்கான டிரைவர் அதனுள்ளேயே உள்ளது.

முதலில் கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினலில் 'ஏபிளே', இடைவெளி, '-எல்' (aplay -l) என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட்டால், கணினி அறிந்துகொண்ட ஒலி அட்டைகள் பட்டியலாகத் தெரியும். அட்டை பட்டியலில் இருந்தால் டிரைவர் பெரும்பாலும் சரியாகவே உள்ளது. பட்டியல் வெறுமையாக இருந்தால், கணினியைத் தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் ஒலி வசதி முடக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து 'ஆல்சாமிக்சர்' (alsamixer) கட்டளையை இயக்கி, எஃப்6 விசையால் சரியான அட்டையைத் தேர்ந்தெடுத்து, ஒலி அடைக்கப்பட்டதைக் குறிக்கும் 'எம்எம்' என்று காட்டும் தடங்களை எம் விசையால் திறக்க வேண்டும். திரைக்குப் படத்தோடு ஒலியையும் அனுப்பும் எச்டிஎம்ஐ இணைப்பு முதல் அட்டையாக அமைந்து ஸ்பீக்கர் ஊமையாகிவிடுவதும் உண்டு. அப்போது ஒலிக்கான செட்டிங்ஸில் வெளியீட்டை ஸ்பீக்கருக்கு மாற்றினால் போதும்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: உப்புக்காற்றில் ஹெட்போன் துளையின் உட்பகுதி அரித்துப்போனால், எதுவும் செருகாதபோதும் ஹெட்போன் இருப்பதாகக் கணினி கருதி ஸ்பீக்கரை அடைத்துவிடக்கூடும். அதே மிக்சரில் 'ஆட்டோ-மியூட்' என்பதை முடக்கினால், துளையைப் பழுதுபார்க்கும்வரை ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்கலாம்.