ஃபோட்டோவுக்குச் சட்டம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சட்டத்துக்குள் கெட்டுப்போன படங்களைப் பிரித்துப் பார்த்தால், அடிக்கடி தென்படும் காரணம் ஒன்று: படம் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டுமென்று அளவுக்கு மீறி இறுக்கியிருப்பார்கள். காகிதம் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். அதற்கு இடம் விடாமல் ஒட்டினாலோ நெருக்கினாலோ, அது தனக்கான இடத்தைப் படத்தைக் கெடுத்தே தேடிக்கொள்ளும்.

கண்ணாடியோடு படத்தை ஒட்ட வைப்பது

எல்லாத் தவறுகளிலும் இதுதான் மோசமானது. ரெடிமேட் சட்டங்களில் கண்ணாடி, அதன்மேல் படம், அதன்மேல் அட்டை என்று வைத்துக் கிளிப்பை மடக்கிவிடுவோம். லேபில் கழுவிப் போட்ட ஃபோட்டோவின் மேற்பரப்பில் இருப்பது ஜெலட்டின் படலம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இளகும், காயும்போது தொட்டுக்கொண்டிருக்கும் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். முதலில் அங்கங்கே ஈரத்திட்டு போன்ற பளபளப்பு தெரியும். அதற்கப்புறம் பிரித்தால் படலம் கண்ணாடியோடு போய்விடும், கையில் வெறும் தாள்தான் மிஞ்சும்.

கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஜன்னல் போல் வெட்டிய மவுண்ட் அட்டை இருப்பது அழகுக்கு மட்டும் அல்ல. வழக்கமான ‘4 பிளை’ (நான்கு அடுக்கு) அட்டை சுமார் 1.5 மி.மீ. இடைவெளி தரும். பெரிய பிரிண்ட்கள் நடுவில் உப்பும் என்பதால் அவற்றுக்கு 3 மி.மீ. தடிப்புள்ள ‘8 பிளை’ அட்டையோ இரட்டை மவுண்ட்டோ நல்லது. மவுண்ட் வேண்டாம் என்றால், சட்டத்தின் ஓரத்தில் கண்ணாடிக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் ஸ்பேசர் பட்டைகளை வைக்கலாம்.

ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட படத்தைப் பிளேடு விட்டு நெம்பாதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து முதலில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிரிக்கும் வேலை பழைய படங்களைச் சீர்செய்து பேணும் நிபுணருடையது.

செல்லோ டேப், டபுள் சைடு டேப்

செல்லோ டேப்பின் பசை வருடங்கள் போகப்போகத் தாளுக்குள் ஊறிப் பழுப்பாகும். டேப் உதிர்ந்தாலும் கறை போகாது. டபுள் சைடு டேப்பை நான்கு மூலைகளிலும் போட்டால், ஈரமான நாட்களில் விரியும் தாள் போக வழியில்லாமல் நடுவில் அலையடிக்கும்.

படத்தைப் பிடித்து வைக்க இரண்டு வழிகள் போதும். ஒன்று, பாலியெஸ்டர் முக்கோண மூலை உறைகள். உறைகளைப் பின் அட்டையில் ஒட்டி, படத்தை அவற்றுக்குள் செருக வேண்டும். ஓரத்தில் 1 மி.மீ. தளர்வு இருக்கட்டும். இதில் படத்தின் மீது பசையே படாது.

இன்னொன்று, ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் கொண்டு செய்யும் கீல். 2 அல்லது 3 செ.மீ. அகலத் துண்டுகள் இரண்டை எடுத்து, படத்தின் பின்புறம் மேல் விளிம்பில் சுமார் 5 மி.மீ. மட்டும் படும்படி ஒட்டுங்கள். மேலே நீளும் பகுதியைப் பின் அட்டையில் ஒட்டி, குறுக்கே ஒரு துண்டு போடுங்கள். அவ்வளவுதான். படம் மேலிருந்து தொங்கும், மற்ற மூன்று பக்கமும் சும்மா இருக்கும். பிளாஸ்டிக் பூச்சுள்ள ஃபோட்டோ தாளின் முதுகில் இந்தப் பசை சரியாகப் பிடிக்காது, அதற்கு மூலை உறையே வசதி.

இரண்டிலும் படம் உட்கார வேண்டியது பின் அட்டையில். ஜன்னல் அட்டையின் உள்பக்கத்தில் படத்தை ஒட்டிவிட்டால், பிறகு அந்த அட்டையை மாற்றும்போது படத்தையும் பிய்க்க வேண்டியிருக்கும்.

சூடாக்கி அழுத்தும் டிரை மவுண்ட் படத்தைக் கண்ணாடி போல் தட்டையாக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் திரும்பிப் பிரிக்க முடியாது. லேமினேஷனும் அப்படித்தான். மறுபடி பிரிண்ட் போட முடிகிற படமாக இருந்தால் செய்யுங்கள். ஒரே பிரதி என்றால் கிட்டேயே போகாதீர்கள்.

மலிவான அட்டை

மரக்கூழ் அட்டையிலுள்ள லிக்னின் காலப்போக்கில் அமிலமாகும். ஜன்னலின் சாய்வெட்டு ஓரமாகப் படத்தில் ஒரு பழுப்புக் கோடு விழுவது அதனால்தான். பின்னால் அடிக்கும் ஹார்டுபோர்டும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும் இதே வேலையைச் செய்யும். ‘ஆசிட் ஃப்ரீ’ என்ற எழுத்தை மட்டும் நம்பிவிட முடியாது. பருத்தி அட்டையா, ஃபோட்டோக்களுக்கான ஐ.எஸ்.ஓ. 18916 சோதனையில் தேறியதா என்று கேளுங்கள். நீலநிற சயனோடைப் பிரிண்ட் மட்டும் விதிவிலக்கு: அமிலத்தை முறிக்க அட்டையில் சேர்க்கும் காரம் அதை வெளிறச் செய்யும் என்பதால், காரம் சேர்க்காத அட்டை வேண்டும்.

அளவில் சறுக்குவது

8×10 அங்குலப் படத்துக்கு 8×10 ஜன்னல் வெட்டினால் படம் அதன் வழியாக விழுந்துவிடும். 7¾×9¾ வெட்டுங்கள். இதை 11×14 சட்டத்தில் வைத்தால் பக்கங்களில் 1⅝ அங்குலம் மிஞ்சும். மேலே 2, கீழே 2¼ என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் படம் கீழே சரிந்தது போலத் தோன்றும்.

சட்டத்தின் உட்பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதை வாங்கும் முன்பே பாருங்கள். கண்ணாடி 2, மவுண்ட் 1.5, பின் அட்டை 1.5, ஃபோம் போர்டு 5 என்று கூட்டினால் 10 மி.மீ. ஆகிறது. ஆழம் அதற்குக் குறைந்தால் ஆணி அடிக்கும்போது எல்லாம் நசுங்கும். அகலத்திலும் உயரத்திலும் 3 மி.மீ. தளர்வு விடுங்கள். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் ஷீட் என்றால் இது கட்டாயம், அது கண்ணாடியைவிட அதிகம் விரியும்.

பிரிண்ட் ஆனதும் அடைப்பது

இங்க்ஜெட் மையிலுள்ள கிளைக்கால் என்ற கரைப்பான், படம் தொட்டால் காய்ந்தது போலிருந்தாலும் வெளியேறிக்கொண்டே இருக்கும். உடனே அடைத்தால் கண்ணாடியின் உள்பக்கம் மூடுபனி படியும். படத்தின் மேல் வெள்ளைத் தாளைப் பரப்பி, குறைந்தது 24 மணி நேரம் விடுங்கள்.

வெளிச்சமும் சுவரும்

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டாயிற்று, இனி ஜன்னலோரம் மாட்டலாம் என்பது தப்புக் கணக்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சாயத்தை வெளுக்கும். சேதம் கூடிக்கொண்டே போகும்: 50 லக்ஸில் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) 10 மணி நேரமும் 100 லக்ஸில் 5 மணி நேரமும் ஒன்றுதான். எளிதில் வெளிறும் படங்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவில்தான் விளக்கு வைக்கும். நேரடி வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும். குடும்பத்தின் பழைய படம் என்றால் மூலத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு நகலை மாட்டுங்கள்.

மாட்டும் கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டுவதும் இறுக்கும் புத்திதான். கம்பி கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால் அதன் ஒவ்வொரு பாதியும் சட்டத்தின் முழு எடையைத் தாங்கும். 10 பாகையாகக் குறைந்தால் இழுவிசை கிட்டத்தட்ட 2.9 மடங்கு. 5 கிலோ சட்டத்தின் திருகுகளை 14 கிலோவுக்கு மேல் இழுக்கும், மூலை இணைப்பு விரியும். கம்பியைத் தளர்வாக விட்டு இரண்டு கொக்கிகளில் மாட்டினால் படம் கோணவும் கோணாது.

கீழ் மூலைகளின் பின்னால் ரப்பர் குமிழ்கள் ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போகும். ஈரம் ஊறும் வெளிச்சுவர், குளியலறை, புதிதாக வண்ணம் பூசிய சுவர் மூன்றும் வேண்டாம்.

துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் நேரே அடித்தால் ஓரம் வழியாக இறங்கி மவுண்ட்டில் ஊறும். அக்ரிலிக்கில் அமோனியா கலந்த கிளீனர் படக்கூடாது, மங்கிவிடும்.