தமிழ்ப் படத்துக்கு வீட்டிலேயே தரம் போடுவது எப்படி?

மலேசியாவில் பாகான் செராய் மாதிரி தோட்டத்து ஊர்களில் கத்தோலிக்கப் பெற்றோர் பலர், ஒரு படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று முடிவெடுக்க தணிக்கை வாரியம் போடும் எழுத்தையும் எண்ணையும் மட்டுமே பார்க்கிறோம். யு என்றால் சரி, 18 என்றால் வேண்டாம். அதுவும் தேவைதான், ஆனால் அது பல சமயத்தவர் வாழும் நாட்டுக்கு அரசாங்கம் போடும் தரம். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளை படிப்பதோடு படம் ஒத்துப்போகுமா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

ஆங்கிலப் படம் என்றால் வேலை சுலபம். அமெரிக்க ஆயர்களின் கத்தோலிக் நியூஸ் சர்வீஸ் பல வருடம் தரம் போட்டு வந்தது. அதன் அமெரிக்க அலுவலகம் 2022 கடைசியில் மூடியதும், ஓஎஸ்வி நியூஸ் என்ற அமெரிக்கக் கத்தோலிக்கச் செய்தி நிறுவனம் அதே முறையில் தொடர்கிறது. ஏ-1 எல்லாருக்கும், ஏ-2 பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும், ஏ-3 பெரியவர்களுக்கு. எல் என்றால் பெரியவர்களிலேயே பலருக்கு நெருடும், ஓ என்றால் ஒழுக்கத்துக்கே விரோதம். விமர்சனத்தின் கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள், வன்முறை, கெட்ட வார்த்தை, ஆபாசம் எவ்வளவு என்பது அங்கேதான் இருக்கும். ஏ-3 என்று பார்த்ததும் கெட்ட படம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் ஆகாது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

தமிழ்ப் படங்களுக்கு இந்தத் தரம் பெரும்பாலும் கிடைக்காது, அப்புறம் நாமே போட வேண்டியதுதான். 1936-இல் திருத்தந்தை 11ஆம் பயஸ் 'விஜிலான்டி கூரா' சுற்றுமடலில், அந்தந்த நாட்டு ஆயர்கள் படங்களைப் பார்த்துப் பட்டியல் போட ஒரு அலுவலகம் வைக்கச் சொன்னார், நாட்டுக்கு நாடு சூழ்நிலை மாறும் என்பதையும் ஒத்துக்கொண்டார். நம் வீட்டுச் சூழ்நிலை நமக்குத்தானே தெரியும்.

அதனால் படத்தைப் பிள்ளைகளுக்கு முன்பு நீங்கள் பாருங்கள், முழுசாக முடியாவிட்டால் இடைவேளைக்குப் பிறகு வரும் பகுதியையாவது. கத்தி, ரத்தம், குடி எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தால் முக்கியமானதைக் கோட்டை விட்டுவிடுவோம். பாவத்தைக் காட்டும் கதை பைபிளிலேயே இருக்கிறது, தாவீது அரசர் அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைச் சாகடிக்க வைத்ததைப் படித்துப் பாருங்கள். ஆனால் இறைவாக்கினர் நாத்தான் அவர் முகத்துக்கு நேராகக் கேட்கும் இடமும் அங்கே இருக்கிறது. படத்தில் அப்படிக் கேட்பவர் யாராவது இருக்கிறாரா, இல்லை, தப்பு செய்கிறவனுக்கே விசில் அடிக்கச் சொல்கிறார்களா? ஒரு பெண் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் பின்னாலேயே சுற்றுகிறவனுக்கு கடைசியில் அவளையே பரிசாகக் கொடுக்கும் படத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லாவிட்டாலும் நான் பதினைந்து வயதுப் பையனுக்குக் காட்ட மாட்டேன். பழிவாங்கிக் கொன்றுவிட்டு சிலுவை முன்னால் நிற்கும் ஹீரோவும் அப்படித்தான், மனம் வருந்தினானா என்று பாருங்கள், பின்னணி இசையில் மயங்கிவிடாதீர்கள். சாதிப் பெருமை பேசும் பாட்டு எவ்வளவு ஆட வைத்தாலும் என் கணக்கில் அது ஓ-வுக்குப் பக்கத்தில்தான்.

குடிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே கடுமையாக இருங்கள். சம்சு என்ற மலிவுச் சாராயம் எத்தனை தோட்டத்துக் குடும்பங்களை அழித்தது என்று நம் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள், இங்கே குடிகாரக் காமெடியை வெறும் சிரிப்பாகப் பார்க்க முடியாது.

தரத்தை எழுதும்போது காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள், 'ஏ-3, மனைவியை அடிப்பதை நியாயப்படுத்துகிறார்கள்' என்கிற மாதிரி. அதை பிஇசி (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேரும் அன்பியம்) வாட்ஸ்அப் குழுவில் வெள்ளிக்கிழமைக்குள் போட்டுவிட்டால் வார இறுதியில் நாலு வீட்டுக்கு உதவும். பிள்ளை ஏற்கெனவே ஃபோனில் பார்த்துவிட்டதா? திட்ட வேண்டாம், அந்தக் காட்சியைச் சேர்ந்து பார்த்து, அதில் வருகிறவன் செய்தது சரியா என்று கேளுங்கள், பதில் சொல்ல நேரம் கொடுங்கள்.