படகுத் துறையில் தூண்டில்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்குத் தீவிலிருந்தும் பட்டர்வொர்த், பிறை, நிபோங் திபால் வட்டாரங்களிலிருந்தும் தூண்டிலோடு ஆற்றுக்குக் கிளம்பும் நம்மவர்களிடம், படகுத் துறையில் ஒழுங்காக நடந்துகொள்வது எப்படி என்று கேட்டால், குப்பை போடாமல் இருந்தால் போதும் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். குப்பை போடக் கூடாது என்பதில் ஐயமில்லை. ஆனால், மூடா ஆற்றிலும் கிரியான் ஆற்றிலும் அதே துறையை நம்பிப் பிழைக்கும் மீனவர்களுக்கு நம்மால் நேரும் பெரிய தொல்லை குப்பையைவிட நேரத்தால்தான் வருகிறது. நாம் பொழுதுபோக்குக்காகச் செலவிடும் அரைமணி நேரம், அவர்களுக்கு ஒரு நாள் வேலையின் முக்கியமான பகுதியாக இருக்கலாம்.

இதைப் புரிந்துகொள்ள முகத்துவாரத்து நீரோட்டத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பினாங்குக் கரையில் நாளுக்கு இரண்டு முறை நீர் பெருகி இரண்டு முறை வற்றுகிறது. ஒரு பெருக்குக்கும் அடுத்த வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் ஏற்ற இறக்கத்தின் உயரம் 2 மீட்டரை எட்டும். படகை இறக்கும் சாய்தளம் பல இடங்களில் ஒரே ஒரு டிரெய்லர் நிற்கும் அகலம்தான். நீர் வற்றும்போது அதன் கீழ்ப்பகுதியில் சேறும் பாசியும் படிந்த சிமெண்டு வெளியே தெரியும். அதற்கும் கீழே வெறும் சேறு. நீர் இருக்கும்போதே கரை சேர்ந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு வரும் மீனவர், நம் வண்டி வழியை அடைத்துக்கொண்டு நிற்பதால் காத்திருக்க நேர்ந்தால், அடுத்த பெருக்குவரை அவருடைய படகு ஆற்றிலேயே கிடக்க வேண்டியதாகிவிடும். ஐஸ் கரைவதற்கு அவ்வளவு நேரம் வேண்டாம்.

நானும் ஒருமுறை இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். படகின் பின்புறத்தில், உள்ளே சேரும் நீரை வடிப்பதற்காக ஒரு துளை இருக்கும். அதைத் திருகு அடைப்பானால் மூடிவிட்டுத்தான் படகை நீரில் இறக்க வேண்டும். மூட மறந்து இறக்கிவிட்டேன். தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஏறிய பிறகுதான் தெரிந்தது. படகை மறுபடியும் டிரெய்லரில் ஏற்றி, நீரை வடித்து, அடைப்பானை எந்தப் பையில் வைத்தேன் என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. அதுவரை ஆற்றில் என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்த வயதான மலாய் மீனவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் மனம் இன்னும் ஆறியிருக்கும்.

ஆகவே, சாய்தளத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஆயத்தங்களைத் தொடங்குவதுதான் முதல் தவறு. ஐஸ் பெட்டியையும் தூண்டில் கோல்களையும் படகில் ஏற்றுவது, படகின் பின்புறத்தை டிரெய்லரோடு கட்டும் வார்களைக் கழற்றுவது, அடைப்பானைத் திருகுவது, எண்ணெய் அளவைப் பார்ப்பது, உயிர்காப்புச் சட்டை அணிவது ஆகிய அனைத்தையும் ஓரமாக, மற்றவர்களுடைய வழியை மறிக்காத இடத்தில் முடித்துக்கொண்டு, அதன் பிறகே வண்டியைப் பின்னோக்கி இறக்க வேண்டும். ஆனால் அவசரத்தில் படகின் முன்புறத்தை டிரெய்லரோடு பிணைக்கும் கயிற்றையும் மேலேயே கழற்றிவிடுபவர்கள் உண்டு. அதைமட்டும் படகு நீரைத் தொடும்வரை கழற்றக் கூடாது, ஏனெனில் பாசி படிந்த சரிவில் படகு வழுக்கி சிமெண்டில் விழுந்தால், துறை அன்று முழுவதும் அடைபட்டுவிடும். படகு மிதந்ததும், ஒருவர் அதைக் கயிற்றில் பிடித்து ஓரத்துக்கு இழுத்துச் செல்ல, மற்றவர் வண்டியை மேலே ஏற்றிவிட வேண்டும். திரும்பி வரும்போதும் இதே முறைதான்: பிடித்த சியாக்காப்பை (கொடுவா மீனை) தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பது மேலே வந்த பிறகு ஆகட்டும்.

மூடா ஆற்றுத் துறைகளில் சனிக்கிழமைகளில் கூடுதல் பொறுமை தேவை. அந்த ஆறு கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடுகிறது. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். நமக்கோ சனியும் ஞாயிறும். இரு கரைத் தூண்டில்காரர்களும் சேர்ந்து வரும் நாள் அது ஒன்றுதான்.

இரண்டாவது தவறு, எல்லாத் துறையும் பொதுத்துறை என்று எண்ணிக்கொள்வது. சில ஜெட்டிகள் மீனவர்கள் தங்கள் படகுகளைக் கட்டுவதற்கும் மீனை இறக்குவதற்கும் என்றே அமைந்தவை. அங்கே வண்டியை நிறுத்திவிட்டு நேராகப் படகை இறக்கத் தொடங்குவது, அழைக்காத வீட்டில் போய் இலை போட்டு உட்காருவதற்குச் சமம். கரையில் வலை பழுது பார்ப்பவரிடம் போய், சலாம் சொல்லி, பாக்சிக் (ஐயா), இங்கே தும்பாங் செய்யலாமா, அதாவது உங்கள் துறையைக் கொஞ்சம் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று கேட்க ஒரு நிமிடம் ஆகாது. மறுத்தால் வேறு துறைக்குப் போக வேண்டும்; ஒப்புக்கொண்டால், மீன் லாரி வந்து திரும்பும் இடத்தை எப்படியாவது கேட்டறிந்து, அங்கே டிரெய்லரை நிறுத்தாமல் இருக்க வேண்டும். பெனாகாவை அடுத்த கோலா மூடாவின் 'பாசார் பிசிக்' என்னும் கிசுகிசு மீன் சந்தையில் ஏலம் கேட்பவர்கள் தங்கள் விலையை விற்பவரின் காதில் கிசுகிசுப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தின் பக்கத்தில் வந்து நின்று, வண்டிக் கதவுகளைத் திறந்துபோட்டு உரக்கப் பாட்டு வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஜெட்டியிலிருந்தும் சாய்தளத்திலிருந்தும் தூண்டில் போடுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. படகு போகும் வழியில் நூல் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் அறுந்த நைலான் நூலை அலட்சியமாக நீரில் விட்டுவிடுவதால் நேரும் கேட்டைப் பலர் அறிவதில்லை. அது என்ஜின் விசிறியின் தண்டில் சுற்றிக்கொண்டு, சுழலச் சுழல உள்ளே இறுகி, நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை அறுத்துவிடும். பல்சக்கரப் பெட்டியின் எண்ணெயில் உப்புநீர் கலந்த பிறகு வரும் செலவு, கட்டுக்கட்டாகத் தூண்டில் நூல் வாங்கும் செலவைவிடப் பன்மடங்கு. வெட்டிய நூலைச் சுருட்டிப் பழைய மினரல் வாட்டர் புட்டியில் அடைத்து வீட்டுக்கே கொண்டுபோவது என் வழக்கம்.

மீனைக் கழுவிக் குடலைச் சாய்தளத்திலேயே எறிவதும் கெடுதல். அடுத்து வருபவரின் கால் வழுக்கும். காகமும் தெருநாயும் உடும்பும் வந்து சேரும். எண்ணெய் நிரப்பும்போது சிந்துவதிலும் கவனம் வேண்டும். பினாங்குக்குத் தேவையான கச்சாக் குடிநீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. மேல்நிலைத் துறையில் நாம் சிந்தும் பெட்ரோலும் என்ஜின் எண்ணெயும் போய்ச் சேரும் திசையை நினைத்துப் பார்த்தால் புனல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளத் தோன்றும். டிரெய்லரில் சிக்கிய ஆகாயத்தாமரைத் துண்டை அங்கேயே பறித்துப்போட்டு, படகின் அடியில் தேங்கிய நீரையும் வடித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். ஒரு துண்டு போதும், வேறோர் ஆற்றில் அது படர்ந்துவிடும். மீந்துபோன உயிர் இரையைப் பாவம் பார்த்து வேறு நீர்நிலையில் விடுவதும் அப்படித்தான். வீட்டுத் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போனவர்கள் விட்ட 'ஈக்கான் பண்டாராயா' என்னும் தொட்டிப் பாசி தின்னும் மீன் இன்று நம் ஆறுகளில் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

படகு நீரில் இறங்கிய பின்பும் துறை நம்மை விடுவதில்லை. கட்டிக் கிடக்கும் சம்பான்களின் (சிறு மரப் படகுகளின்) அருகே வேகம் எடுத்தால், எழும் அலையில் அவை ஒன்றோடொன்றும் தூணோடும் மோதிப் பலகை சிதையும், கயிறு தேயும். கடைசிப் படகைத் தாண்டும்வரை நடக்கும் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. இரவில் நிபோங் திபாலுக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று: கிரியான் ஆற்றங்கரை மரங்களில் மின்மினிகள் கூட்டமாக ஒளிர்கின்றன, அவற்றைக் காட்டப் பயணிகளை ஏற்றிச்செல்லும் படகோட்டிகள் அந்த மரங்களை நெருங்கும்போது விளக்கை அடக்கிக்கொள்வார்கள். நெற்றி விளக்கின் முழு ஒளியைக் கரைப்பக்கம் வீசிக்கொண்டு நாம் எதிரே வந்தால், பூச்சிகள் ஒளிர்வதை நிறுத்திவிடும், காசு கொடுத்து வந்த குழந்தைகள் இருட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். நெற்றி விளக்கைக் காலடிக்குத் திருப்பி, படகின் வழிகாட்டி விளக்குகளை மட்டும் எரியவிட்டு, என்ஜின் வேகத்தைக் குறைத்து அந்த மரங்களைக் கடந்து போங்கள்.