மலையில் காட்டுப் பார்பெரி எங்கே நிற்கிறது? முதன்முதலாகக் கணக்கெடுப்பவர்களுக்கு

தடிமன் பிடித்தால் கொத்தமல்லியோடு வெனிவெல்கெட்டத் துண்டும் போட்டு அவித்துக் குடிக்கிற கொழும்பு வீடுகளுக்கு அந்த மஞ்சள் கசப்பு நன்றாகத் தெரியும். அந்த மஞ்சளைத் தருகிற பெர்பெரின் என்கிற அதே பொருள், நம் உயர்மலையில் நிற்கிற ஒரு முட்புதரின் தண்டிலும் வேரிலும் இருக்கிறது. அதுதான் பார்பெரி. இலங்கைக்கே உரிய இனம் ஒன்றுக்கு பெர்பெரிஸ் செய்லானிக்கா என்று பெயர். நீலகிரியில் இதன் உறவுச் செடியை ஊசிக்களா என்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. வெனிவெல்கெட்டவைத் தமிழில் மரமஞ்சள் என்கிறோம், பார்பெரிக்கும் சில மருந்து நூல்களில் அதே பெயர்தான். ஆனால் வெனிவெல்கெட்ட தாழ்நில மழைக்காட்டுக் கொடி, பார்பெரி உயர்மலைப் புதர். ஆகவே மலைக்குப் போய் "மரமஞ்சள் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், கேட்டவருக்கும் சொன்னவருக்கும் வெவ்வேறு செடி மனதில் இருக்கும்.

நான் முதல் தடவை போனபோது இரண்டு நாள் நடந்து 23 இடங்களைக் குறித்துக்கொண்டு சந்தோஷமாக வெள்ளவத்தைக்குத் திரும்பினேன். வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் 23 புள்ளியும் நடைபாதையின் இரண்டு பக்கமும் மணி கோத்தமாதிரி நின்றன. செடி பாதையோரத்தை விரும்புகிறதா, அல்லது நான் பாதையை விட்டு இறங்கவே இல்லையா? அந்தப் படத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்கவே முடியாது, ஏனென்றால் செடி இல்லாத ஒரு இடத்தைக்கூட நான் எழுதி வைக்கவில்லை. கீழே வருகிற முறை முழுக்க அந்தப் பிழையிலிருந்து வந்ததுதான்.

படி 1: செடியைக் கண்ணில் பதியுங்கள்

முள்ளைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே அடியிலிருந்து மூன்று கிளையாகப் பிரிந்த முள், அதற்கு நேர் மேலே சின்னக் கொத்தாக இலைகள். பூ மஞ்சள், குலையாகத் தொங்கும். பழம் கருநீலம், மேலே சாம்பல் பூத்தாற்போல இருக்கும், விரலால் தேய்த்தால் அந்தப் பூச்சு போய்விடும். முறிந்து கிடக்கிற கொப்பு கிடைத்தால் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள், உள்ளே பளிச்சென்று மஞ்சள். நிற்கிற செடியில் இதைச் செய்ய வேண்டாம்.

பூக்கிற காலமாக இருந்தால் இன்னொரு அடையாளம் இருக்கிறது, எனக்கு இதில் அலுப்பே வருவதில்லை. ஒரு புல்லின் நுனியால் பூவுக்குள் மகரந்தம் தாங்கி நிற்கிற இழையான கேசரத்தின் அடியை மெதுவாகத் தொடுங்கள். அது சட்டென்று நடுவை நோக்கி மடியும். தேன் குடிக்க வருகிற பூச்சியின் மேல் மகரந்தத்தை அப்பிவிடுவதற்கான ஏற்பாடு இது.

ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் ஆக்கிரமிப்புச் செடியாகப் பரவியிருக்கிற கோர்ஸ் தூரத்திலிருந்து நம்மை ஏமாற்றும், அதற்கும் முள், அதற்கும் மஞ்சள் பூ. கிட்டப் போனால் அதன் பூ அவரைப் பூ வடிவம், காய்ப்பது அவரைபோல ஒரு சின்ன நெற்று, கொப்பு முழுக்க முள்ளாகவே இருக்கும், அகன்ற இலை இருக்காது. சந்தேகமாக இருந்தால் "சந்தேகம்" என்றே எழுதுங்கள்.

படி 2: வீட்டிலிருந்தே இடங்களைத் தெரிவு செய்யுங்கள்

இதைக் கொழும்பிலேயே முடித்துவிட வேண்டும். எந்த உயிரினத்தை எங்கே கண்டார்கள் என்ற பதிவுகளைச் சேர்த்து வைக்கிற ஜிபிஃப், ஐநேச்சுரலிஸ்ட் என்ற இரண்டு இணையத்தளங்களிலும் பழைய பதிவுகளைத் தேடிப் பாருங்கள். பேராதனையில் இருக்கிற தேசிய உலர்தாவரச் சேகரிப்பில் பழைய மாதிரிகளின் சீட்டுகளைப் பார்க்க அனுமதி கேட்கலாம். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 வரைபடம் ஒன்று கையில் இருந்தால் நல்லது. அப்புறம் கியூஜிஸ் என்ற இலவச மென்பொருளில் உங்கள் பகுதியை 100 மீட்டர் உயரப் பட்டைகளாகப் பிரியுங்கள்: 1,800 முதல் 1,900 வரை ஒன்று, 1,900 முதல் 2,000 வரை ஒன்று, இப்படியே மேலே. ஒவ்வொரு பட்டையிலும் ஐந்து புள்ளிகளை எழுமாற்றாக மென்பொருளே போடட்டும். நீங்கள் போட்டால் உங்களை அறியாமலே கை பாதைப் பக்கம்தான் போகும்.

படி 3: அனுமதி

தேசிய பூங்கா என்றால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், ஒதுக்கக் காடு என்றால் வனத் திணைக்களம், இரண்டுக்கும் தலைமையகம் பத்தரமுல்லையில். தோட்டக் காணி என்றால் தோட்டத்துரையிடம் கேட்க வேண்டும். எழுத்தில் வாங்காமல் போகாதீர்கள், அனுமதி இருந்தாலும் இலைகூடப் பறிக்காதீர்கள்.

படி 4: நாடாவை விரிப்பது

புள்ளிக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து 50 மீட்டர் நாடாவை நேராக விரியுங்கள். நாடாவின் இரு பக்கமும் 2 மீட்டருக்குள் நிற்கிற பார்பெரியை மட்டும் எண்ணுங்கள், மொத்தம் 200 சதுர மீட்டர். மூன்றாவது மீட்டரில் எவ்வளவு பெரிய புதர் நின்றாலும் எண்ணக் கூடாது. ஆசையாகத்தான் இருக்கும், ஓரக் குறிப்பாக எழுதிவிட்டு நகருங்கள்.

மலை என்பதால் சரிவையும் கவனிக்க வேண்டும். 30 பாகை சரிவில் தரையோடு 50 மீட்டர் அளந்தால் வரைபடத்தில் அது 43 மீட்டர்தான். நாடாவைச் சரிவுக்குக் குறுக்கே விரித்தால் நாடாவின் நீளத்தில் இந்தத் தொல்லை குறையும். மேலே ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் போனில் சாய்வு பார்க்கிற செயலியால் பாகையை எடுத்து எழுதுங்கள், பிறகு கணக்குப் போடலாம்.

ஒரே அடியிலிருந்து பல தண்டு வரும், எது ஒரு செடி என்று முதல் நாளே குழப்பம் வரும். மண்ணில் ஒரு முழத்துக்குள் எழும்புகிற தண்டெல்லாம் ஒரு புதர் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். நீங்கள் வேறு அளவு வைக்கலாம், ஆனால் பாதியில் மாற்றாதீர்கள்.

படி 5: என்ன எழுதுவது

ஜீபிஎஸ் குறித்தவுடன் ஓட வேண்டாம், ஒன்றிரண்டு நிமிடம் நின்று துல்லியம் 5 மீட்டர் அளவுக்கு வந்தபிறகு எடுங்கள், அந்த எண்ணையும் எழுதுங்கள். போன் காட்டுகிற உயரத்தை நம்ப வேண்டாம், அதைப் பிறகு உயர வரைபடத்திலிருந்து எடுக்கலாம். புதர் முழங்காலுக்குக் கீழா, இடுப்பளவா, அதற்கும் மேலா? பூவா, காயா? வெட்டிய தடம், வேர் தோண்டிய குழி இருக்கிறதா? முழங்காலுக்குக் கீழே ஒரு கன்றும் இல்லாத இடத்தில் பெரிய புதர்கள் எத்தனை நின்றாலும் எனக்குக் கவலைதான்.

செடி இல்லாவிட்டால் "0" என்று எழுதுங்கள். போகவே முடியாத புள்ளியை, பள்ளமோ பாறையோ குறுக்கிட்டால், "போகவில்லை" என்று எழுதுங்கள். இரண்டும் ஒன்றல்ல. பூச்சியம் என்றால் போய்த் தேடிப் பார்த்தோம், இல்லை என்று அர்த்தம். வெற்றுக் கட்டம் விட்டால் ஆறு மாதம் கழித்து எது எது என்று உங்களுக்கே தெரியாது.

கொப்பியும் பென்சிலும் கட்டாயம், மூடுபனியில் பேனை மை கரைந்துவிடும், போன் திரையும் நனைந்த விரலுக்குக் கேட்காது. மத்தியானத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கப் பார்க்கும், அதனால் வெளிச்சம் வந்ததும் தொடங்குங்கள். தனியாகப் போகாதீர்கள்.

படி 6: அங்கே இருப்பவர்களிடம் கதையுங்கள்

செடியின் படத்தை முதலில் நீட்டினால் எல்லோரும் "ஓம், பார்த்திருக்கிறேன்" என்பார்கள், அது மரியாதைக்காகச் சொல்வது. நான் கொழுந்து எடுக்கிற ஒரு அம்மாவிடம் "அம்மா, இந்தப் பக்கம் என்னென்ன முள்ளுச்செடி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். "ஒன்னு இருக்கு தம்பி, விறகுக்கு ஒடிச்சா உள்ளுக்கு மஞ்சளா இருக்கும், ஆத்துப் பக்கம் போங்க" என்றார். அதற்குப் பிறகுதான் படத்தைக் காட்டினேன். நான் வரைபடத்தில் தெரிவு செய்யாத அந்த ஓடைக்கரையில் நான்கு புதர் நின்றது. எழுமாற்றுப் புள்ளிகளோடு கலக்காமல் அதைத் தனி அட்டவணையில் போட்டேன்.

படி 7: திரும்பி வந்து

அன்றிரவே அட்டவணையில் ஏற்றுங்கள். அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறுவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. நம் மலைகள் ஏறத்தாழ 6.8 வடக்கு, 80.8 கிழக்கு, மாற்றிப் போட்டால் உங்கள் பார்பெரி வடதுருவத்துக்குக் கிட்டக் கடலில் நிற்கும். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் எழுதுங்கள், அது ஒரு மீட்டரளவு. மூன்றோடு நிறுத்தினால் நூறு மீட்டர் வரை தள்ளிப்போகும்.

படத்தில் செடி இருந்த புள்ளிக்கு ஒரு நிறம், பூச்சியத்துக்கு ஒரு நிறம், போகாததற்கு வேறொன்று கொடுங்கள். பொதுவில் போடும்போது மட்டும் துல்லியமான இடத்தை மறையுங்கள், ஐநேச்சுரலிஸ்ட்டில் அதற்கு ஒரு தெரிவு இருக்கிறது. வேருக்காகத் தோண்டுகிறவர்களுக்கு நாமே வழி காட்டக் கூடாது. முழு அட்டவணையை அனுமதி தந்த அலுவலகத்துக்கு அனுப்புங்கள், பூச்சியங்களையும் சேர்த்து.